பீரங்கி இழுத்த காளைகள்
திப்பு சுல்தான் வளர்த்த மாட்டுப் படை

சாத்தான்குளத்துத் தேரி மணலில் பார வண்டி புதைந்து விட்டால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். நல்ல காளை என்றால் தலையைத் தாழ்த்தி ஓர் இழுப்பு இழுக்கும். வண்டி கிளம்பி விடும். சோனிக் காளை என்றால் படுத்து விடும். வண்டிக்காரர் பாடு திண்டாட்டம்தான்!

கருப்பட்டி வண்டிக்கே இப்படி. பீரங்கி வண்டி என்றால் கேட்க வேண்டுமா?

ரயிலும் லாரியும் இல்லாத காலம் அது. பீரங்கியை மாடுதான் இழுக்க வேண்டும். படைக்கு அரிசி மூட்டையும் மாடுதான் சுமக்க வேண்டும். மாடு படுத்தால் படையும் படுத்து விடும். இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மன்னர் ஒருவர் இருந்தார். அவர்தான் மைசூர்ப் புலி திப்பு சுல்தான்.

வெண்ணெய்ச் சாவடி

திப்பு 1750-ம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஹைதர் அலி. ஆற்காட்டில் அடங்கி இருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

மைசூர் அரண்மனைக்கு அதற்கு முன்பே மாட்டுப் பண்ணை உண்டு. சிக்க தேவராஜ உடையார் 1673 முதல் 1704 வரை ஆண்டார். அவர் காலத்தில் அந்தப் பண்ணைக்கு வெண்ணெய்ச் சாவடி என்று பெயர். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அங்கிருந்து வந்தன.

ஹைதர் அலி சாதாரணப் படைவீரராக இருந்து உயர்ந்தவர். 1755-ல் திண்டுக்கல்லில் அதிகாரியாக இருந்தார். பிறகு மைசூர் ஆட்சியையே கைப்பற்றினார். வெண்ணெய்ச் சாவடி மாடுகளைப் பார்த்த அவருக்கு வேறு யோசனை தோன்றியது. வெண்ணெய் இருக்கட்டும், இந்தக் காளைகள் பீரங்கியை இழுக்கட்டும் என்று முடிவு செய்தார். தோற்ற பாளையக்காரர்களின் நல்ல மாடுகளையும் கொண்டு வந்து சேர்த்தார்.

இரண்டரை நாளில் 100 மைல்

1781-ம் ஆண்டு. ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் சிதம்பரத்தைத் தாக்கினார். செய்தி ஹைதருக்குப் போயிற்று. இரண்டரை நாளில் 100 மைல் கடந்து படை வந்து விட்டது! பீரங்கிகளும் கூடவே வந்தன.

அதன் பின் பரங்கிப்பேட்டையில் பெரும் போர் நடந்தது. ஹைதர் தோற்றார். ஆனால் பீரங்கிகளை விட்டு விட்டு ஓடவில்லை. எதிரியின் கண் முன்னாலேயே காளைகள் அவற்றை இழுத்துக் கொண்டு போயின. வென்றவர்கள் கையில் ஒன்றும் சிக்கவில்லை.

அமிர்த மகால்

1782-ல் ஹைதர் இறந்தார். திப்பு பட்டத்துக்கு வந்தார். வெண்ணெய்ச் சாவடி என்ற பெயரை மாற்றி, அமிர்த மகால் என்று புதுப் பெயர் சூட்டினார்.

பெயரோடு நிற்கவில்லை. மாடுகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று சட்டதிட்டங்களை எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா மாடுகளையும் கூட்டி எண்ணி, தரம் பிரிப்பார்கள். அந்த இடத்துக்குத் திப்புவே பல முறை நேரில் வருவார். மந்தையை நன்றாக வைத்திருந்தவர்களுக்குப் பரிசு கொடுப்பார்.

மாடுகளுக்கென்றே ஒதுக்கிய மேய்ச்சல் காடுகளுக்குக் காவல் என்று பெயர். கோடைக்கு ஒரு காவல், மழைக்கு ஒரு காவல், பனிக்கு ஒரு காவல். கோடையில் தண்ணீரும் நிழலும் உள்ள இடத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். ஓர் இடத்துப் புல் தீர்வதற்குள் அடுத்த இடம் தயாராக இருக்கும்.

அமிர்த மகால் மாடு சாம்பல் நிறம். கொம்புகள் நீண்டு, பின்னால் வளைந்து, நுனி கூராக இருக்கும். வேற்று ஆளைக் கண்டால் சீறும். பால் குறைவு. ஆனால் நடையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. நம் காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி மாடுகளும் இதே வகுப்பைச் சேர்ந்த உறவுக்கார மாடுகள்தாம்.

1790-ல் தளபதி மெடோஸ் திப்புவின் மேல் படையெடுத்தார். அப்போது திப்புவின் படை இரண்டே நாளில் 63 மைல் கடந்தது.

மாடு இல்லாத படை

1791 மே மாதம் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலுக்கே வந்து விட்டார். சண்டையிலும் வென்றார். ஆனால் மழை பிடித்துக் கொண்டது. தீவனம் இல்லை. நோய் வேறு. அவருடைய மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. கோட்டையை உடைக்கக் கொண்டு வந்த பெரிய பீரங்கிகளை இழுக்க மாடு இல்லை. தம் பீரங்கிகளைத் தாமே அழித்து விட்டு அவர் திரும்பிப் போனார்!

மறு ஆண்டு அவர் பலத்த ஏற்பாட்டோடு வந்தார். 1792-ல் திப்பு பாதி நாட்டைக் கொடுத்தார். மூன்று கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு ஒப்புக் கொண்டார். இரண்டு சின்னஞ்சிறு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பிள்ளைகள் 1794-ல்தான் வீடு திரும்பினார்கள்.

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு போரிட்டுக் கொண்டே மடிந்தார்.

காளைகள் கதை என்ன ஆயிற்று?

மன்னர் போனார். மாடுகள் வெற்றி பெற்றவர்கள் கைக்கு மாறின. கவனிப்பு இல்லாமல் மந்தை சீர்கெட்டது. 1813-ல் ஆங்கில ராணுவமே அதை மேற்பார்வைக்கு எடுத்துக் கொண்டு திருத்தியது. திப்பு வகுத்த முறைகளில் பலவற்றையே அவர்களும் பின்பற்றினார்கள். எதிரி எழுதிய சட்டம்தான், ஆனால் நல்ல சட்டம்!

1860-ல் சிக்கனம் என்று சொல்லி மந்தையைக் கலைத்து விற்று விட்டார்கள். விற்ற பிறகுதான் அருமை தெரிந்தது. 1866-ல் மறுபடி மந்தையைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பல தலைமுறை பாடுபட்டு வளர்த்த இனத்தைக் கலைப்பது எளிது. சேர்ப்பது அவ்வளவு எளிதா?

கர்நாடகத்தில் சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புராவில் 1929-ல் அமிர்த மகால் பண்ணை அமைந்தது. அது இன்றும் நடக்கிறது. அங்கே காளைக் கன்றுகளை ஏலம் விடுவார்கள். விவசாயிகள் போட்டி போட்டுக் கொண்டு வாங்குவார்கள்.

டிராக்டர் வந்த பின் மாட்டுக்கு வேலை குறைந்து விட்டது. பழைய காவல் நிலங்களில் பெரும்பகுதி கைமாறி விட்டது. திப்புவின் பீரங்கிகள் இன்று காட்சிப் பொருள். அவற்றை இழுத்த காளைகளின் வம்சம் மட்டும் இன்னும் புல் மேய்ந்து கொண்டிருக்கிறது.