கவலையை வென்ற வேதசாட்சி

கவலை இல்லாத மனிதரை இவ்வுலகில் காண்பது அரிது. செல்வருக்குச் செல்வம் போய்விடுமோ என்ற கவலை. ஏழைக்கு நாளைய உணவைப் பற்றிய கவலை. பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கோ அரசுப் பொதுத்தேர்வைப் பற்றிய கவலை! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நாங்கள், தொழிற்சாலையில் வேலை நிலைக்குமா என்று தந்தையரும், மாதச் சீட்டுக்குப் பணம் சேருமா என்று தாய்மாரும் ஏங்குவதை அறிவோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அப்போது இயந்திரங்கள் மட்டுமா மூழ்கின? அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் உள்ளங்களும் அன்றோ கலங்கின!

இவ்வாறு கவலையால் வாடிய ஒருவர், விசுவாசத்தால் அதனை வென்று புனிதராக உயர்ந்தார். அவர்தாம் நம் தமிழகம் ஈன்ற வேதசாட்சி புனித தேவசகாயம். அன்னாரின் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் பணியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்றோர் அழகிய சிற்றூர் உண்டு. அங்கு 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் வாசுதேவன் நம்பூதிரிக்கும் தேவகி அம்மாளுக்கும் மகனாக இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். அக்காலத்தில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. 1956-ஆம் ஆண்டில்தான் அது தமிழகத்தோடு இணைந்தது.

நல்ல கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்ற நீலகண்டன், மார்த்தாண்டவர்மா மன்னரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் ஏற்றார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார். பதவி, செல்வம், மதிப்பு, இனிய இல்லறம் ஆகிய எல்லாம் அவரிடம் இருந்தன. குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

சூழ்ந்த துன்பம்

ஆனால் வாழ்வு எப்போதும் ஒரே சீராக ஓடுவதில்லை. அவருடைய குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. பயிர்கள் பொய்த்தன. கால்நடைகள் மாண்டன. பொருள் கரைந்தது. தாம் செய்த குற்றம் யாது, தமக்கு ஏன் இந்தத் தண்டனை என்று எண்ணி எண்ணி அவர் மனம் சோர்ந்தார். முகத்தில் வாட்டம் படர்ந்தது.

அந்த வாட்டத்தைக் கண்டவர் அவரோடு பணிபுரிந்த டிலனாய் என்னும் படைத்தளபதி. டிலனாயின் கதையும் எளியதன்று. ஐரோப்பாவில் பிறந்த அவர், டச்சுக்காரரின் படையில் அதிகாரியாக வந்து, 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னரின் கைதியானவர். பின்பு மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, படைவீரருக்குப் பயிற்சி அளித்து, மக்களால் வலிய கப்பித்தான் என்று அழைக்கப்பட்டார். தாய்நாட்டை இழந்து, கைதியாய்க் கலங்கி, பின் தேறியவர் அவர். ஆதலால் மற்றொருவரின் கலக்கம் அவருக்கு எளிதில் புரிந்தது.

நீலகண்டன் தம் துயரத்தை மறைக்காமல் அவரிடம் கூறினார். டிலனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார். யோபு நேர்மையானவர். எனினும் ஒரே நாளில் கால்நடைகளை இழந்தார், பிள்ளைகளை இழந்தார். பிறகு உடல்நலமும் கெட்டது. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களே அவர்மீது குற்றம் சுமத்தினர். யோபுவோ அழுதார், புலம்பினார், இறைவனிடமே வழக்காடினார். ஆயினும் இறைவனை விட்டு விலகவில்லை.

இவ்வரலாறு நீலகண்டனின் நெஞ்சில் ஒளி ஏற்றியது. துன்பம் எப்போதும் பாவத்தின் தண்டனை அன்று என்பதை அவர் உணர்ந்தார். நல்லவருக்கும் துன்பம் வரும், அந்தத் துன்பத்தின் நடுவிலும் இறைவன் அருகில் இருப்பார் என்ற உண்மை அவருக்கு ஆறுதல் தந்தது. அந்த இறைவனைப் பற்றி மேலும் அறிய விரும்பினார்.

தேவசகாயம் ஆனார்

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளம் ஆலயத்தில், சேசு சபைக் குருவான புத்தாரி சுவாமிகளிடம் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. தேவனே துணை என்பது அதன் பொருள். கவலையில் துணை தேடியவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? பின்னர் அவர் மனைவியும் திருமறையில் சேர்ந்து ஞானப்பூ என்னும் பெயர் பெற்றார்.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசுவாசம் வந்ததும் துன்பம் ஓடி மறைந்துவிடவில்லை. முன்பு பயிரையும் கால்நடையையும் இழந்தவர், இனிப் பதவியையும் உரிமையையும் உயிரையும் இழக்க வேண்டியிருந்தது.

சாதி வேறுபாடு தலைவிரித்தாடிய காலம் அது. தேவசகாயமோ உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். இதனைப் பொறாத அதிகாரிகள் அவர்மீது பழி சுமத்தினர். 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். புதிய நெறியைக் கைவிட்டால் பழைய மதிப்பு மீண்டும் கிட்டும் என்று ஆசை காட்டப்பட்டது. அவர் இசையவில்லை.

சிறையில் ஒரு சீடர்

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் அடைந்த வேதனையை எழுதவே கை நடுங்குகிறது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். கசையால் அடித்தனர். காயங்களில் மிளகாய்ப் பொடி தூவினர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்த அவர் பாறைமேல் முழங்கையால் மோத, அங்கே நீர் சுரந்தது என்று மக்கள் பக்தியோடு கூறுவர். முட்டிடிச்சான் பாறை என வழங்கும் அவ்விடத்திற்கு இன்றும் பலர் சென்று செபிக்கின்றனர்.

பெருவிளை என்னும் ஊரில் அவரை வேப்பமரத்தோடு கட்டி வைத்தனர். வெயிலும் மழையும் அவர்மீது விழுந்தன. ஆனால் நடந்தது என்ன? பார்க்க வந்த மக்கள் தங்கள் குறைகளை அவரிடம் சொல்லத் தொடங்கினர். கட்டுண்டு கிடந்தவர் கட்டின்றி நடந்தவர்களுக்கு ஆறுதல் கூறினார், அவர்களுக்காகச் செபித்தார். ஒரு காலத்தில் தம் கவலையைப் பிறரிடம் கொண்டு சென்றவர், இப்போது பிறர் கவலையைத் தாங்கும் தோளாகிவிட்டார்! அவருடைய வெற்றி இதில்தான் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இறுதியில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய எஞ்சிய எலும்புகளை விசுவாசிகள் எடுத்துவந்து, நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

திருச்சபை அளித்த மகுடம்

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமை நகரில் திருத்தந்தை பிரான்சிஸ், மேலும் ஒன்பது பேரோடு அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே. குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், நம் பெற்றோரைப் போல இல்லறத்தில் வாழ்ந்து, அலுவலகம் சென்று வந்தவர் அவர். சாதி வேற்றுமையை ஏற்காத அவருடைய பெயருக்குப் பின்னால் வழங்கிவந்த சாதிப் பட்டமும் அந்த அறிவிப்பில் விடப்பட்டது.

நாம் கற்கும் பாடம்

தோழியரே, இவ்வாழ்விலிருந்து நாம் கற்பது என்ன? முதலாவது, கவலையை உள்ளத்தில் பூட்டி வைத்தல் கூடாது. நீலகண்டன் மனம் திறந்திராவிட்டால் டிலனாயால் உதவியிருக்க முடியாது. பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ கன்னியரிடமோ நாமும் மனம் திறப்போம். உண்ணவும் உறங்கவும் முடியாத அளவு கலக்கம் மிகுந்தால் மருத்துவரை நாடுவோம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

இரண்டாவது, மதிப்பெண் குறைந்தாலோ வீட்டில் பொருள் முடை வந்தாலோ, இறைவன் நம்மைத் தண்டிக்கிறார் என்று மருள வேண்டாம். மூன்றாவது, செபம் தேர்வைத் தள்ளிவைக்காது, மழையைத் தடுத்து நிறுத்தாது. ஆனால் படிக்க உட்காரும் மனத்திற்கு அமைதியையும், வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவத் தொடங்கும் கைகளுக்கு வலிமையையும் தரும். நான்காவது, நம்மைவிட வாடியிருக்கும் ஒருத்தி பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம். அவளிடம் இரண்டு வார்த்தை பேசும்போது நம் கவலையின் பாரமும் குறைவதைக் காண்போம்.

ஆண்டுதோறும் ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளை ஒட்டி, அவருடைய திருநாள் வருகிறது. வீடெங்கும் வெள்ளையடித்துத் தூய்மை செய்யும் அந்நாட்களில், உள்ளத்தில் ஒட்டடைபோல் படிந்த வீண் கவலைகளையும் துடைத்தெறிவோம். தேவனே துணை என்று வாழ்ந்து காட்டிய புனித தேவசகாயத்தின் வழியில், கலங்காத நெஞ்சோடு நம் கடமையைச் செய்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி