நானா, என்னையா? ஒரு சொல்லுக்கும் கணக்குப் பார்த்த மகாகனம் சாஸ்திரியார்

"ஐ" என்றால் நான். "மீ" என்றால் என்னை.

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் கற்கும் சொற்களில் இவை இரண்டும் உண்டு. மிகச் சிறிய சொற்கள். ஆனால் ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டுப் பேசும்போது, இந்த இரண்டில் எதைப் போடுவது என்று பி.ஏ. படித்தவர்களும் தடுமாறுவார்கள்.

அப்படித் தடுமாறாதவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், தஞ்சை மண்ணில் பிறந்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வெள்ளைக்காரர்களே அவர் பேச்சைக் கேட்கக் கூடினார்கள். "வெள்ளி நாப் படைத்தவர்" என்று அவரைப் பாராட்டினார்கள்.

அவர்தான் மகாகனம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

புரோகிதர் வீட்டுப் பிள்ளை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் வலங்கைமான். காவிரித் தண்ணீர் பாயும் நெல் பூமி. அந்தக் காலத்தில் அது தஞ்சாவூர் ஜில்லா. இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

அந்த ஊரில், 1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி சாஸ்திரியார் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் "வி" என்ற எழுத்து வலங்கைமானைக் குறிக்கிறது. "எஸ்" என்பது அவருடைய தகப்பனார் சங்கரநாராயண சாஸ்திரியைக் குறிக்கிறது.

தகப்பனார் வைதிகத் தொழில் செய்தவர். வீட்டில் வேதமும் சமஸ்கிருதமும் உண்டு. பணம் கிடையாது. ஆங்கிலமும் கிடையாது.

பிள்ளை கும்பகோணம் நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியில் படித்தான். பிறகு, காவிரிக் கரையில் உள்ள அரசினர் கல்லூரியில் சேர்ந்தான். அந்தக் கல்லூரியைத் "தென்னாட்டு கேம்பிரிட்ஜ்" என்று பெருமையாகச் சொல்வார்கள். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அப்போது அங்கே தமிழ் ஆசிரியராக இருந்தார்.

ஒரே கட்டடத்தில், ஒருவர் பழைய ஏட்டுச் சுவடிகளில் எழுத்து எழுத்தாகப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அதே கட்டடத்தில், ஏழைப் பிள்ளை ஒருவன் ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் முதல் வகுப்பில் தேறினார் சீனிவாசன்.

பிழை கண்ட வாத்தியார்

பட்டம் பெற்றவர் ஆசிரியர் வேலைக்குப் போனார். சேலம் முனிசிபல் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஆனார்.

அந்த நாளில் பள்ளிக்கூடங்களில் நெஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் எழுதிய இலக்கணப் புத்தகம்தான் வேதம். அதில் இருப்பதை மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம். அதை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வராது.

அந்தப் புத்தகத்திலேயே சாஸ்திரியார் பிழைகளைக் கண்டுபிடித்துக் காட்டினார் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர் எழுதியது என்பதற்காக அவர் ஒன்றை ஒப்புக்கொள்வதில்லை. கறுப்பு மனிதர் எழுதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் இல்லை. சரியா, தவறா? அதுதான் அவர் பார்த்த கணக்கு.

சிக்கல் எங்கே?

"ஐ", "மீ" விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு.

தமிழில், "அவர் என்னைவிட மூத்தவர்" என்கிறோம். "நான்விட மூத்தவர்" என்று யாரும் சொல்வதில்லை. "விட" என்ற சொல்லுக்கு முன்னால் எப்போதும் "ஐ" உருபு வரவேண்டும். என்னைவிட, உன்னைவிட, அவனைவிட. இதுதான் நம் வழக்கம்.

ஆங்கிலத்தில் "விட" என்பதற்கு ஈடான சொல் "தேன்". இனிக்கிற தேன் அல்ல, ஒப்பிடுகிற தேன்! "என்னைவிட" என்று நினைத்துக்கொண்டு எழுதும் பிள்ளை, "தேன் மீ" என்று எழுதிவிடுகிறது. பழைய வாத்தியார் சிவப்பு மையால் அதை அடித்து, "தேன் ஐ" என்று எழுதுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழில் "ஐ" என்பது செயப்படுபொருளைக் காட்டும் உருபு. ஆங்கிலத்தில் "ஐ" என்பது எழுவாய். ஒரே ஒலி. வேலை நேர் எதிர்!

ஒளிந்திருக்கும் சொல்

பழைய இலக்கணக்காரர்கள் சொன்ன விதி எளிதானது.

"ஹி இஸ் ஓல்டர் தேன் ஐ" என்பது ஒரு வாக்கியம். அவர் என்னைவிட மூத்தவர் என்று பொருள். இந்த வாக்கியம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் கடைசியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. அதுதான் "ஆம்". அதைச் சேர்த்துப் பாருங்கள். "தேன் ஐ ஆம்" என்று வரும். "மீ ஆம்" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே, "ஐ" போடவேண்டும்.

ஒப்பிடும் இருவரும் ஒரே வேலையைச் செய்தால், இருவருக்கும் ஒரே வேற்றுமை. எழுவாயோடு எழுவாய் நிற்கவேண்டும். செயப்படுபொருளோடு செயப்படுபொருள் நிற்கவேண்டும். சமமானவருக்குச் சம இடம். "அவரைப்போல நானும் உயரம்" என்பதுபோலச் சமம் சொல்லும் வாக்கியத்துக்கும் இதே விதிதான்.

இன்று பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்களே "தேன் மீ" என்று தாராளமாகச் சொல்கிறார்கள். அதைக் குற்றம் என்று பலரும் இப்போது கருதுவதில்லை. தேர்விலும் விண்ணப்பத்திலும் எழுதும்போது, "தேன் ஐ ஆம்" என்று வினைச்சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டால் வம்பே இல்லை.

பொருளே மாறிவிடும்!

இது வாத்தியார்களின் வீண் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். சில இடங்களில் ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

சாஸ்திரியாரின் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் அமைத்துப் பார்க்கலாம்.

கோபால கிருஷ்ண கோகலே 1905-ல் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். நாட்டுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்கள் சொந்த வருமானத்தை விட்டுவிட்டு, சங்கம் கொடுக்கும் சிறு தொகையில் வாழவேண்டும். 1907-ல் சாஸ்திரியார் அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். தலைமை ஆசிரியர் வேலையைத் துறந்தவர் அவர்.

கோகலேயைக் குருவாகக் கொண்ட இன்னொருவரும் இருந்தார். அவர் காந்தி.

1915-ல் கோகலே மறைந்தார். காந்தி சங்கத்தில் சேர விரும்பினார். உறுப்பினர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. காந்தி விலகிக்கொண்டார். சாஸ்திரியார் சங்கத்தின் தலைவர் ஆனார்.

இப்போது, சாஸ்திரியார் இடத்தில் இருக்கும் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "கோகலே லவ்டு காந்தி மோர் தேன் ஐ." நான் காந்தியை நேசித்ததைவிடக் கோகலே அவரை அதிகமாக நேசித்தார் என்று இதற்குப் பொருள்.

கடைசிச் சொல்லை மட்டும் "மீ" என்று மாற்றுங்கள். கோகலே என்னை நேசித்ததைவிடக் காந்தியை அதிகமாக நேசித்தார் என்று ஆகிவிடும்!

முதல் வாக்கியத்தில் இருப்பது குருவின் பெருமை. இரண்டாவது வாக்கியத்தில் சீடனின் மனக்குறை புகுந்துவிட்டது. ஒரே ஓர் எழுத்துப்போல் இருக்கும் சொல், இரண்டு மனிதர்களுக்கு நடுவில் பகையைக்கூட மூட்டிவிடும்.

தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. "என்னைவிட அவரை நேசித்தார்" என்று சொல்லும்போது கேட்பவர் ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. சந்தேகம் வரும் இடத்தில் முழுவதையும் விரித்துச் சொல்வதே நல்லது.

சமமாக நடத்து!

சாஸ்திரியார் இந்தத் துல்லியத்தை வகுப்பறையோடு விட்டுவிடவில்லை. அதை நாட்டுக்காகப் பயன்படுத்தினார்.

1919-ல் ரௌலட் மசோதா வந்தது. விசாரணை இல்லாமல் மக்களைச் சிறையில் அடைக்க வழி செய்யும் மசோதா. டில்லி சட்டசபையில் சாஸ்திரியார் அதை எதிர்த்துப் பேசிய பேச்சு, நாடு முழுவதும் பேசப்பட்டது.

1921-ல் லண்டனில் நடந்த ஏகாதிபத்திய மாநாட்டுக்குப் போனார். பிரிட்டிஷ் கொடியின்கீழ் உள்ள நாடுகளில் குடியிருக்கும் இந்தியர்களுக்கும் மற்றக் குடிமக்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று வாதாடினார். மாநாடு அதை ஒட்டித் தீர்மானம் செய்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே ஆண்டில் மன்னரின் பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆனார். அதனால்தான் பெயருக்கு முன்னால் "மகாகனம்" வந்தது.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கானடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அதே கோரிக்கையைப் பேசினார். 1925-ல் ஆஸ்திரேலியா, அங்கே குடியிருந்த இந்தியர்களுக்குப் பொதுத் தேர்தலில் வாக்குரிமை வழங்கியது.

எல்லா இடத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. 1923-ல் கென்யா இந்தியர்களுக்காக லண்டனில் வாதாடினார். நல்ல மலைநிலங்கள் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. சாஸ்திரியார் மனம் நொந்துபோனார். வாக்கியத்தில் சம இடம் வாங்குவது எளிது. வாழ்க்கையில் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அவர் அன்று கண்டார்.

1927-ல் இந்திய அரசாங்கத்தின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். ஒன்றரை ஆண்டு அங்கே தங்கினார். கிளர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் கூட்டத்தில் வெள்ளையர் சிலர் கலகம் செய்தார்கள். அவர் பேசுவதை நிறுத்தவில்லை. இந்தியப் பிள்ளைகள் படிப்பதற்காக, அங்குள்ள இந்தியர்களிடம் நிதி திரட்டினார். டர்பன் நகரில் 1929-ல் திறக்கப்பட்ட அந்தக் கல்விச்சாலைக்கு "சாஸ்திரி கல்லூரி" என்றே பெயர் வைத்தார்கள்.

ஊரில் அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. வெள்ளையரிடம் மென்மையாகப் பேசுகிறார், சிறைக்குப் போக மறுக்கிறார் என்றார்கள். காந்தியின் சத்தியாக்கிரகத்தை அவர் ஏற்கவில்லை என்பது உண்மை. தாம் சரி என்று நினைத்ததைக் காந்தியிடமே நேராகச் சொன்னார்.

பத்து நாள் மூத்த அண்ணன்

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2. சாஸ்திரியார் பிறந்தது செப்டம்பர் 22. பத்தே நாள் மூத்தவர்!

காந்தி அவரை அண்ணனாகவே மதித்தார். இருவருக்கும் அரசியலில் வழி வேறு. ஆனால் அன்பு குறையவில்லை. தம் "ஹரிஜன்" பத்திரிகையின் ஆங்கிலத்தில் உள்ள பிழைகளைச் சுட்டும்படி காந்தி அவரைக் கேட்டுக்கொண்டார் என்பார்கள்.

சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பிறந்த சீமைக்கு அருகிலேயே, மறுபடியும் மாணவர்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தார்.

காந்தி குஜராத்தியில் எழுதிய சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். அதன் இரண்டாம் பதிப்பு 1940-ல் வந்தது. அதற்காக மொழிபெயர்ப்பு முழுவதையும் ஒருவர் வரி வரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தம் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது என்றார்.

தேசாய் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். முன்னுரையில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் என்று மட்டும் குறிப்பிட்டார். அந்த நண்பர் சாஸ்திரியார்தான் என்பது பின்னால் தெரியவந்தது.

1946-ம் ஆண்டுத் தொடக்கத்தில் சாஸ்திரியார் சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காந்தி அவரைத் தேடி வந்து பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் 16 மாதங்கள் இருந்தன.

காந்தியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் இன்றும் உலகம் படித்துக்கொண்டிருக்கிறது. அதில் "நான்" என்று வரும் சொல் எல்லாம் காந்தியைக் குறிப்பவை. அந்தச் சொற்கள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக் கொடுத்தவர், வலங்கைமான் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. அவர் தம்முடைய "நான்" அங்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டார்.