பாடசாலைகளுக்காக வாதாடிய பொன்ஜீன் ஆண்டகை

மலைநாட்டுக் கன்னியர் மடப் பாடசாலைகளில் படித்த நாம், அவற்றை நடத்திய அருட்சகோதரிகளை நன்றியுடன் நினைக்கிறோம். இத்தகைய பாடசாலைகள் இலங்கையில் நிலைபெற வழிசெய்தவர்களுள் முதன்மையானவர் கிறிஸ்தோபர் பொன்ஜீன் ஆண்டகை. நூற்றாண்டு மலரில் அவரையும் நினைவுகூர்வது பொருத்தமே.

1823இல் பிரான்சின் ரியோம் நகரில் பிறந்த இவர், இளங் குருவாகத் தமிழ்நாட்டில் பணியாற்றித் தமிழ் கற்றார். 1856இல் யாழ்ப்பாணம் வந்து, அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்தார். அந்தக் கடற்கரைப் பட்டணத்தில் ஆங்கிலக் கல்வி அப்போது பெரும்பாலும் புரட்டஸ்தாந்து மிஷன்களின் கையில் இருந்தது. கத்தோலிக்க ஆண் பிள்ளைகளுக்கு 1850இல் தொடங்கிய சிறிய ஆங்கிலப் பாடசாலையே இருந்தது. அதுவே 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்க 1862இல் திருக்குடும்பக் கன்னியர் பிரான்சிலிருந்து வந்தனர்.

பாடசாலை கட்டினால் மட்டும் போதாது, அதை நடத்தப் பணம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். எல்லாச் சமயத்தவரும் வரி செலுத்த, அரசின் கல்விப் பணம் சிலருக்கே பயன்படுவது அநீதி என்று 1860களில் தொடர்ந்து எழுதினார். எந்தச் சமயத்தவர் நடத்தினாலும், பிள்ளைகள் பொதுப் பாடங்களில் தேறினால் அரசு உதவி தரவேண்டும் என்பது அவரது கோரிக்கை. சட்டசபையின் மோர்கன் குழு 1867இல் அறிக்கை தந்தது. 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் அமைந்து, உதவி நன்கொடை முறை விரிந்தது. பின்னாளில் சைவ, பௌத்த பாடசாலைகளும் இதே முறையில் உதவி பெற்றன.

1868இல் யாழ்ப்பாண ஆயரானார். 1876இல் சத்தியவேத பாதுகாவலன் பத்திரிகை அவர் காலத்தில் வெளிவரத் தொடங்கியது. 1883இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, 1886இல் அதன் முதலாவது பேராயரானார். 1892இல் காலமானார்.

அவரது யாழ்ப்பாண மறைப்பகுதியில் மன்னார்க் கரையும் அடங்கியிருந்தது. நம் முன்னோர் பலர் அங்கே கரையிறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியால் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்களின் பிள்ளைகளை அந்த நன்கொடை முறை எளிதில் எட்டவில்லை. விண்ணப்பிக்கப் பாடசாலையும், அதை நடத்தப் பொறுப்பாளரும் இருந்தால்தானே உதவி கிடைக்கும்! லயங்களில் இரண்டுமே அரிது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வி துரைமாரின் கடமையானது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆண்டகை மறைந்த அதே 1892இல்தான் இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தது. அந்த வாசல் வழியே பின்னாளில் மலைநாட்டுப் பெண்களும் மருத்துவர்களானோம். ஆனாலும், சாதாரண தரத்துக்கு முன்பே படிப்பை நிறுத்திக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண் பிள்ளைகளை இன்றும் என் சிகிச்சை அறையில் காண்கிறேன்.

எந்தப் பிள்ளையும் பணமின்மையால் வெளியே நிற்கக்கூடாது என்பதே அவரது வாதத்தின் சாரம். அது இன்னும் முழுமையாக வெல்லவில்லை. ஒரு பிள்ளையின் பஸ் செலவையும் கொப்பிச் செலவையும் ஏற்பது நம்மில் பலருக்கும் முடிந்த காரியம். பழைய மாணவிகளாகிய நாம் அதிலிருந்தே தொடங்குவோம்.