பனியாற்றை அளந்த மேய்ப்பர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கோடியில் கலிபோர்னியா மாநிலம் உள்ளது. அங்கே சியரா நெவாடா மலைத்தொடரின் இடையே அமைந்தது யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறைகள் வானளாவி நிற்கும். அவற்றின் உச்சியிலிருந்து அருவிகள் வீழும். 1864ஆம் ஆண்டிலேயே அது பொதுப் பூங்காவாக ஒதுக்கப்பெற்றது. இத்துணை ஆழமான பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று என்னும் வினா, கண்டோர் உள்ளத்தில் எழுந்தது.

மாநிலத்தின் தலைமை நிலவியல் அறிஞராகிய ஜோசையா விட்னி அதற்கு விடை கூறினார். முன்னொரு காலத்தில் நிலம் பிளந்து, பள்ளத்தாக்கின் அடித்தளம் கீழே அமிழ்ந்துவிட்டது என்பது அவர் கொள்கை. அவர் பேரறிஞர்; அரசின் சார்பில் மலைகளை அளந்தவர். ஆதலின் அக்கூற்றைப் பலரும் ஐயமின்றி ஏற்றனர். அதனைச் சோதித்தறியத் துணிந்தவர் ஜான் மியூர் என்பவர்.

மியூர் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டன்பார் என்னும் ஊரில் பிறந்தார். 1849இல் அவர் குடும்பம் அமெரிக்காவில் விஸ்கான்சின் பகுதியில் குடியேறியது. இளமையிலேயே பண்ணையில் கடுமையாக உழைத்தார். பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பயின்றாராயினும் பட்டம் பெற்றிலர். 1867இல் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, அரத்தின் முனை அவர் வலக்கண்ணில் பாய்ந்தது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும், இயற்கையைக் கண்டறிவதற்கே வாழ்நாளைச் செலவிட உறுதி பூண்டார். 1868இல் யோசெமிட்டியை அடைந்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் ஆட்டு மந்தையுடன் மலைமேல் வாழ்ந்தார். பின்னர் மரம் அறுக்கும் ஆலையில் பணியாற்றினார்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம், சிறிது ரொட்டியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு மலையேறினார். பல இடங்களில் பாறைகள் மெருகேற்றியவை போல் பளபளத்தன. அவற்றின்மேல் ஒரே திசையில் நீண்ட கீறல்கள் காணப்பட்டன. நிலம் அமிழ்ந்ததனால் இவை தோன்றியிரா அல்லவா? மலைமேல் ஆண்டுதோறும் படியும் பனி இறுகிக் கட்டியாகித் தன் சுமையாலேயே மெல்ல நகரும், அதுவே பனியாறு. நகரும்பொழுது அது கற்களைப் பற்றி இழுத்துச் சென்று பாறையைத் தேய்க்கும். பண்டைக் காலப் பனியாறுகளே அப்பள்ளத்தாக்கைக் குடைந்தன என்று மியூர் முடிவு செய்தார். விட்னியோ, அவரைக் கல்லாத மேய்ப்பர் என்று இகழ்ந்தார்.

மியூர் சினங்கொள்ளவில்லை, மேலும் சான்று தேடினார். 1871இல் அம்மலைத்தொடரில் உயிருள்ள பனியாறு ஒன்றனைக் கண்டார். அது வெறும் பனித்திடலே என்று சிலர் மறுத்தனர். நகர்வதே பனியாறு; நகர்வை அளந்தாலன்றி ஐயம் தீராது. ஆகவே 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், மக்லூர் மலைப் பனிக்கட்டியின் குறுக்கே நான்கு முளைகளை ஒரே நேர்கோட்டில் நட்டார். 46 நாட்கள் கழித்து, அக்டோபர் 6ஆம் நாள் சென்று பார்த்தார். கோடு வளைந்திருந்தது! கரையோர முளை 11 அங்குலமும், நடுவில் இருந்தது 47 அங்குலமும் கீழிறங்கியிருந்தன. ஆற்று நீர் கரையினும் நடுவில் விரைந்து ஓடுவது போன்றே பனிக்கட்டியும் ஓடியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம்.

மியூர் கூற்றும் பிற்காலத்தில் சோதனைக்கு உள்ளாயிற்று. பனியே அனைத்தையும் செய்தது என்று அவர் மிகைபடக் கருதினார். 1930இல் பிரான்சுவா மாத்தெஸ் என்னும் நிலவியலார் விரிந்த ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். முதலில் ஆறு அறுத்த பள்ளத்தையே பனியாறுகள் ஆழமும் அகலமும் ஆக்கின என்று அவர் காட்டினார். மியூர் முழுதும் சரியல்லர். ஆயினும் விட்னியைவிட உண்மைக்கு மிக அணுக்கமாக நின்றார்.

மியூரின் எழுத்தும் முயற்சியும் துணைநிற்க, 1890இல் யோசெமிட்டித் தேசியப் பூங்கா அமைந்தது. அவர் 1914ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார். 2012இல் அறிஞர்கள் மக்லூர் பனியாற்றை மீண்டும் அளந்தனர். அது பெரிதும் சுருங்கியிருந்தது. எனினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலமே நகர்ந்தது. மேய்ப்பரின் அளவு பிழைபடவில்லை.

பெரியார் கூறினார் என்பதற்காக ஒன்றை ஆராயாது ஏற்பதும், எளியார் கூறினார் என்பதற்காக அதனைத் தள்ளுவதும் அறிவுடைமை ஆகா. நேரிற் சென்று கண்டு, அளந்து, பின்னர்த் துணிவதே அறிவியல் நெறி.