யாழைத் தேடிய விஞ்ஞான ஆசிரியர்

மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்குப் போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். முற்றாக அழிந்துபோன ஒன்றை மீட்க முடியுமா?

1892இல் காரைதீவில் பிறந்த அவருக்கு மயில்வாகனம் என்று பெயர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924இல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார்.

அந்த இரண்டு படிப்பும் யாழில் சந்தித்தன. பழந்தமிழரின் அந்த நரம்புக் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளாகிவிட்டன. பார்த்துச் செய்ய ஒரு கருவிகூட எஞ்சவில்லை. எஞ்சியவை சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரையும் போன்ற சில ஏடுகள்தான்.

யாழ் பழம்பெருமை என்று பேசிவிட்டு அவர் நிற்கவில்லை. ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம், பழந்தமிழில் இளி, பிறக்கும். வகுப்பறையில் படிப்பித்த இந்தப் பௌதிகவியலைக் கொண்டு பழைய பாடல்களின் நரம்புகளையும் பண்களையும் கணக்கிட்டார். மேலைத்தேயக் கல்வி அவருக்கு அளவுகோலைத் தந்தது. எதை அளப்பது என்பதைத் தமிழ் நூல்களே சொல்லின.

அந்த ஆய்வுக்கு 14 ஆண்டுகள் சென்றன. இடையில் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார்.

யாழ் மீண்டும் கச்சேரி மேடைகளில் நிலைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி ஆராய விரும்புபவர் இன்றும் அவரது நூலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1981இல் எங்கள் நூலகம் எரிந்தது. இடப்பெயர்வுகளில் ஏடுகளையும் வாத்தியங்களையும் ஒலிநாடாக்களையும் வழிவழியே கைவிட்டோம். இப்போது இசை பற்றிப் பேசும் இடங்களில், வெளியிலிருந்து வருவதைத் தொட்டாலே மரபு கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். பழையதால் என்ன பயன் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பாரும் ஒருமுறை கல்லடிக்குப் போய்வரலாம். இழந்ததைத் தேட வெளியார் கருவியை எடுத்தும், தன் மரபை விடாத ஒருவர் அங்கே உறங்குகிறார்.