கல்லுப்பட்டியில் வாழ்ந்த குமரப்பா

இராஜபாளையம், திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரை செல்லும் நாம் தே.கல்லுப்பட்டியைக் கடந்தே போகிறோம். அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றார். பம்பாயில் நல்ல வருமானம். காந்தியடிகளைச் சந்தித்தபின் அதை விட்டுக் கதருக்கு மாறினார். சிறையிலிருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு நூல், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி மற்றொன்று. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீரும். காடோ பேணினால் தொடர்ந்து தரும் என்று அதில் விளக்கினார். (அவர் கத்தோலிக்கர் அல்லர், நாம் படிக்க அது தடையா என்ன?)

1949இல் அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு, இடையில் நிற்போரை நீக்கி உழுபவருக்கே நிலம் தரப் பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதி ஏட்டிலேயே நின்றது. நிலம், காடு, மீன்வளம் மீதான எளியோரின் உரிமைக்கு உலக உணவுப் பாதுகாப்புக் குழு நெறிமுறைகளை ஏற்றது 2012இல்தான். குமரப்பாவோ 1960 ஜனவரி 30, காந்தியடிகள் நினைவு நாளன்றே இறைவனடி சேர்ந்திருந்தார்.