தொளியும் பனியும்



நம்ம பூதப்பாண்டியில பனின்னா, மார்கழி காலையில தாடகை மலையை மறைக்குமே, அதுதான். அப்படிப்பட்ட நான் பனிச்சறுக்கு வீரர் ஒருவரைப் பற்றி எழுதக் காரணம் எங்க வயல். நடவுக்கு முன்னால தொளியில் இறங்கினேன். முழங்கால் வரை புதைஞ்சிட்டேன்! மரமடிக்கிற பலகை மேல நின்ன தாத்தா மட்டும் புதையவே இல்லை. ஏன்? எடை பலகை முழுவதும் பரவுவதால் அழுத்தம் குறைகிறது. இதே பாடத்தைக் காலில் கட்டிக்கொண்டு கிரீன்லாந்தைக் கடந்தவர்தான் பிரிட்யாப் நான்சென்.

இவர் 1861 அக்டோபர் 10-ல் நார்வே நாட்டில் பிறந்தார். சின்ன வயசிலேயே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். விலங்கியல் படித்து, நரம்பு செல்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். அதே 1888-ல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்து புறப்பட்டார்.

பெரும்பாலான மக்கள் வாழ்ந்தது மேற்குக் கரையில். இவரோ ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த கிழக்குக் கரையில் இறங்கினார். திரும்பிப் போனால் உதவி கிடைப்பது அரிது; முன்னே போனால்தான் உயிர்!

பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதாம். பொதுபொதுன்னு இருக்கும் பனியில் நீளப் பலகை புதையாமல் காக்கும். ஈரப்பனி பலகையில் அப்பிக்கொள்ளும். அதற்காகச் சில பலகைகளுக்கு அடியில் எஃகுத் தகடு பொருத்தினார். மேட்டில் ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க மான் தோலும் வைத்தார். மிகக் கடுங்குளிரில் பனி காய்ந்து மணல் மாதிரி ஆகிவிடும். பலகை வழுக்க வேண்டுமானால் அடியில் பனி கொஞ்சமாவது உருக வேண்டுமே! மைனஸ் 40 டிகிரியில் அது எங்கே உருகும்? ஆற்று மணலில் சாக்கை இழுப்பதுபோல வண்டிகளை இழுத்தார்கள். சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் போதவில்லை.

காற்று பின்னால் வீசியபோது சறுக்குவண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்தார்கள். படகுபோலப் பறந்தார்கள். இருட்டில் ஒரு பெரும் பிளவின் விளிம்பில் நின்று தப்பினார்கள்! அக்டோபர் 3-ல் நான்சென் மேற்குக் கரை ஊரை அடைந்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

1895-ல் அதுவரை யாரும் எட்டாத வடக்கு எல்லை வரை சென்றார். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். முதல் உலகப் போருக்குப்பின் லட்சக்கணக்கானோர் நாடிழந்து நின்றார்கள். கையில் ஒரு கடுதாசி இல்லாததால் எல்லை தாண்ட முடியவில்லை. 1922-ல் நான்சென் அவர்களுக்காக ஒரு அடையாளச் சீட்டு ஏற்பாடு செய்தார். பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த ‘நான்சென் பாஸ்போர்ட்டை’ ஏற்றன. அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பணத்தை நிவாரண வேலைக்கே கொடுத்துவிட்டார். 1930 மே 13-ல் காலமானார்.

நம்ம மாவட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் வாழும் முகாம்கள் உண்டு. என் தோழி ஒருத்தி அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது. இந்தக் கதையைச் சொன்னேன். அவள் பனியைப் பற்றி ஒண்ணுமே கேட்கவில்லை. அந்தக் கடுதாசியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதனால்தான் எழுதினேன்.


– 9 ‘ஆ’ பிரிவு மாணவி